பூட்டுக்கு முன்னால் கதவைப் பாருங்கள்: மரக்கதவுப் பூட்டுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் எங்கள் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் வியாபாரம் படுத்துக்கொள்ளும், பூட்டு வியாபாரம் எழுந்து உட்காரும். பாபநாசம், வலங்கைமான், குடவாசல் பக்கமிருந்து வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "பூட்டு போயிடுச்சுண்ணே, நல்லதா ஒண்ணு குடுங்க." பெரும்பாலும் பூட்டு போயிருக்காது. கதவு ஊதியிருக்கும், இல்லை கீல் இறங்கியிருக்கும், இல்லை நிலைக்கால் ஈரத்தில் ஊறி நகர்ந்திருக்கும். புதுப் பூட்டு மாட்டினாலும் அடுத்த வாரம் அதே கோளாறோடு அதே ஆள் வந்து நிற்பார்.

அதனால் பூட்டை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்விகளை இங்கே வரிசையாகப் போட்டிருக்கிறேன். உங்கள் கதவு என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். காசில்லாமல் முடிகிற காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதல் சோதனை

கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டுங்கள். நாக்கு, அதாவது சாவியைத் திருப்பினால் பூட்டிலிருந்து நீளும் துண்டு, வெளியே வரட்டும், உள்ளே போகட்டும். நாலைந்து தடவை செய்து பாருங்கள்.

வழுக்கிக்கொண்டு போய் வந்தால் பூட்டில் குறையில்லை. கதவு, கீல், நிலை, நிலையில் நாக்கு விழும் தகடு, இவற்றில் ஒன்றுதான். அடுத்த இரண்டு தலைப்புகளைப் படியுங்கள். திறந்த நிலையிலும் இறுகினாலோ, சாவி மட்டும் சுற்றினாலோ கோளாறு பூட்டுக்குள் இருக்கிறது. "சாவி நுழைகிறது, திரும்பவில்லை" என்ற தலைப்பிலிருந்து பாருங்கள்.

## அறிகுறி: திறந்திருந்தால் பூட்டுகிறது, சாத்தினால் நாக்கு விழவில்லை

நிலையில் இருக்கும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு, காய்ந்த பெயிண்ட், பிள்ளைகள் திணித்த காகிதம், குளவி கட்டிய மண், ஏதாவது ஒன்று இருக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தால் பல கதவுகள் அங்கேயே சரியாகிவிடும். ஒரு சுற்று பூட்டி இரண்டாவது சுற்றில் நிற்கிறதென்றால் ஓட்டை ஆழம் போதவில்லை. தகட்டைக் கழற்றிவிட்டு உளியால் உள்ளே இன்னும் கொஞ்சம் குடைந்துவிட்டால் போதும்.

ஓட்டை சுத்தமாக இருக்கிறதா? சரி. கதவைச் சாத்திக்கொண்டு, சாவியை மெல்லத் திருப்பியபடியே கதவை அசைத்துப் பாருங்கள்.

### கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினால் பூட்டுகிறது

கதவு இறங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பாரத்தின் இழுப்பு அதிகம் விழுவது அதில்தான். இறுகினால் வேலை முடிந்தது. இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தீக்குச்சியைச் செருகி இறுக்குகிறார்கள்; குளியலறைக் கதவுக்கு அது தாங்கும், தேக்குக் கதவுக்குத் தாங்காது. காய்ந்த மூங்கிலைத் துளைக்கேற்பச் சீவி, ஃபெவிகால் தடவி, அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, வெளியே நிற்பதை நறுக்கிவிட்டுப் புதிதாகத் துளை போடுங்கள். நிலைப் பக்கம் மட்டும் 1 அங்குல ஸ்க்ரூவை எடுத்துவிட்டு 2 அங்குலம் போடலாம். கனமான கதவுக்கு இரண்டே கீல் இருந்தால் நடுவில் மூன்றாவதைச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்க்ரூவெல்லாம் இறுக்கமாக இருந்தும் கதவு இறங்கியிருந்தால் கீலின் ஆணி தேய்ந்திருக்கும். கதவைத் தூக்கி இறக்கும்போது கீல் கண்ணுக்குத் தெரிய ஆடும். அதற்கு மாற்றுக் கீல்தான் வழி.

அக்ரகாரத்துத் திண்ணை வீடுகளில் இன்னும் சில இடங்களில் கீலே இல்லாமல், மேலும் கீழும் நீண்ட குடுமி குழியில் சுழலும் குடுமிக் கதவு இருக்கிறது. அது இறங்கினால் குடுமிக் குழியில் ஒரு பித்தளைத் தகடு போட்டு உயர்த்துவது பழைய வழக்கம். ஆனால் அந்தக் கதவைத் தனியாளாகத் தூக்க நினைக்காதீர்கள். ஆசாரியையும் கூட இரண்டு ஆட்களையும் கூப்பிடுங்கள்.

### உள்ளே தள்ளினாலோ வெளியே இழுத்தாலோ பூட்டுகிறது

கதவு முறுக்கிக்கொண்டிருக்கலாம். சாத்திய கதவை வெளியே நின்று பக்கவாட்டில் பாருங்கள்: மேல்முனை நிலையோடு ஒட்டி, கீழ்முனை விலகி நின்றால் முறுக்குதான். காயாத வேம்பிலும் மாமரத்திலும் செய்த கதவுகளில் இது சகஜம். விலகல் ஒரு பென்சில் கனத்துக்குள் இருந்தால் தகட்டைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேலென்றால் ஆசாரிதான் கீலை மாற்றி உட்காரவைத்துச் சரிக்கட்ட வேண்டும். முறுக்கு நின்றுவிட்டதா, இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு கோடைகாலம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் ஒரே வேலையாக முடியும்.

### எதற்கும் மசியவில்லை

நாக்கின் முனையில் கண்மையோ ஈரக் குங்குமமோ தடவுங்கள். கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி நாக்கை முட்டவிட்டு, மறுபடி திறந்தால் எங்கே இடிக்கிறது என்பதைத் தகட்டில் விழுந்த கறை காட்டிவிடும். 1 அல்லது 2 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் தகட்டைக் கழற்றி அதன் ஓட்டையை அரத்தால் ராவுங்கள். பின்னால் உள்ள மரத்தையும் அதே அளவு உளியால் எடுக்க வேண்டும். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் தகட்டையே இடம் மாற்ற வேண்டும். பழைய ஸ்க்ரூ துளைகளை மூங்கில் குச்சியால் அடைக்காமல் மாற்றினால் புது ஸ்க்ரூ பழைய துளைக்கே சறுக்கிப் போகும்.

நாக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ராவாதீர்கள். தகடு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நாக்கு தேய்ந்தால் பூட்டையே மாற்ற வேண்டும்.

### நிலையே கோணியிருந்தால்

நிலையின் ஒரு மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு டேப் பிடித்து அளங்கள். அப்புறம் மறுபக்க மூலைகளை அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை அங்குலம் வித்தியாசம் வந்தால், அதுவும் நிலைக்கு மேலே சுவரில் சாய்வாக விரிசல் ஓடினால், பூட்டுக்கும் கதவுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. நஞ்சை வயலை மண் அடித்து மனையாக்கிக் கட்டிய புது நகர்களில் இதை அதிகம் பார்க்கிறேன். அங்கே முதலில் வரவேண்டியது கட்டடப் பொறியாளர், அப்புறம் கொத்தனார். ஆசாரி கடைசியில் வந்தால் போதும்.

## அறிகுறி: மழையில் சாத்த வரவில்லை, தை பிறந்தால் தானாகச் சரியாகிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் கோளாறு இது. வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரம் குடித்து அகலத்தில் ஊதும். பங்குனி, சித்திரையில் மறுபடி சுருங்கும். நீளத்தில் பெரிதாக மாறாது. அதனால்தான் கதவு பூட்டுப் பக்கத்தில் இடிக்கிறது.

கார்த்திகையில் வந்து "ஆசாரியைக் கூப்பிட்டு இழைச்சுடலாமாண்ணே?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மழையில் இழைக்காதீர்கள். ஊதிய கதவை அப்போது எடுத்த அளவு, சித்திரையில் விரல் நுழையும் சந்தாக வந்து நிற்கும். அப்புறம் நாக்கு தகட்டை எட்டாமல் போகும், அதற்கு இன்னொரு வேலை. மழை முடியும்வரை இதைச் செய்யுங்கள்:

எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்றிருக்கும். அங்கே ஒரு மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தால் பாதிச் சிக்கல் போய்விடும். போதவில்லையென்றால் உப்புத்தாள் 80 நம்பரால் அந்த இடத்தை மட்டும் நாலு இழுப்பு இழுங்கள். எந்த இடம், எவ்வளவு இறுக்கம் என்று கதவின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். ஆசாரியை மாசி, பங்குனியில் கூப்பிட்டு இந்தக் குறியைக் காட்டினால் அவர் மழைக்காலத்து அளவை நினைத்துக்கொண்டு இழைப்பார்.

ஊதுவதற்கு ஒரு முக்கிய காரணம் கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். பெயிண்டரும் சரி, வார்னிஷ் அடிப்பவரும் சரி, அந்த இரண்டு விளிம்பையும் தொட்டிருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, யார் கேட்கப்போகிறார்கள்? மரத்தின் நரம்பு வாய் திறந்திருப்பது அங்கேதான். தண்ணீர் ஏறுவதும் அங்கேதான். வாசல் தெளிக்கும் தண்ணீரும், வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசும் தண்ணீரும் கீழ் விளிம்பில் தினம் படுகிறது. கோடையில் கதவு நன்றாகக் காய்ந்திருக்கும்போது அதைக் கழற்றி இரண்டு விளிம்பிலும் இரண்டு கை பெயிண்ட் அடித்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் வித்தியாசம் தெரியும். பூட்டுக்கும் கீலுக்கும் குடைந்த பள்ளங்களுக்குள்ளும் ஒரு கை தடவிவிடுங்கள்.

பிளைவுட் ஃப்ளஷ் கதவு, அதாவது சட்டம் தெரியாமல் தட்டையாக இருக்கும் கதவு, இந்த அளவுக்கு ஊதாது. ஆனால் அடியில் தண்ணீர் ஏறி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது. குளியலறைக்கு அதைப் போட்டவர்கள் கீழே ஒரு அடிக்கு அலுமினியத் தகடு அடித்துக்கொள்ளலாம், பிரிவதற்கு முன்னால்.

## அறிகுறி: சாவி நுழைகிறது, திரும்பவில்லை

நைட் லாட்ச், அதாவது கதவின் உள்முகத்தின் மேல் வைத்துத் திருகும் பூட்டு என்றால் முதலில் உள்பக்கப் பொத்தானைப் பாருங்கள். நாக்கு நகராமல் பிடித்துவைக்கிற அந்தச் சின்னப் பொத்தானை யாராவது தள்ளியிருப்பார்கள். இதற்காகப் பூட்டை உடைத்தவர்களே உண்டு.

அடுத்து, வீட்டில் இருக்கும் வேறு சாவியைப் போடுங்கள். அது திரும்பினால் கோளாறு சாவியில். டூப்ளிகேட்டிலிருந்து போட்ட டூப்ளிகேட் என்றால் ஒவ்வொரு நகலிலும் வெட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போயிருக்கும். மூலச் சாவியைக் கொடுத்துப் புதிதாக வெட்டச் சொல்லுங்கள். அதற்காகவே மூலச் சாவி ஒன்றைப் பயன்படுத்தாமல் பீரோவில் வைக்க வேண்டும்.

எந்தச் சாவியும் திரும்பவில்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்கு. நம் வீடுகளில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய்தான் விடுவோம். மார்கழி விடியற்காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிற எண்ணெய் பூட்டுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? மீதி மாதங்களில் அது தூசியைப் பிடித்துவைக்கும். அறுவடை சமயத்தில் சாலை முழுக்க நெல் காயும் ஊர்களில் உமித்தூசு சேர்ந்து அது களிம்பாகவே ஆகிவிடும். விளக்கெண்ணெய், விளக்குக்கு விடுகிற நல்லெண்ணெய் எல்லாம் தூசி பிடிப்பதில் இதே கதைதான்.

சிலிண்டர் பூட்டானால், அதாவது சாவியின் ஓரத்தில் மலைமலையாக வெட்டு இருந்தால்: துருநீக்கி ஸ்பிரேயைச் சாவித்துளைக்குள் அடித்து, சாவியைப் போட்டுப் போட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் சாவியைத் துணியில் துடையுங்கள். கறுப்பாக வருவது நிற்கும்வரை. ஒரு நாள் காயட்டும். அப்புறம் கிராஃபைட் பொடி. அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்து நுழையுங்கள். ஈரம் இருக்கும்போது கிராஃபைட் போட்டால் சேறாகும், கவனம்.

லிவர் பூட்டானால், சாவி உருண்டைக் கம்பியும் நுனியில் பல்லுமாக இருக்கும். அதற்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

சுத்தம் செய்தும் திரும்பவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள். சாவி நல்லதாக இருந்தும் கையை முறுக்க வேண்டியிருந்தால் உள்ளே பின்னோ ஸ்பிரிங்கோ போயிருக்கிறது. சிலிண்டர் பூட்டில் சாவி நுழையும் பகுதியான சிலிண்டரை மட்டும் மாற்றலாம், முழுப் பூட்டும் வேண்டாம்.

## அறிகுறி: சாவி சுற்றுகிறது, நாக்கு அசையவில்லை

மார்ட்டைஸ் பூட்டில், அதாவது கதவின் ஓரத்தைக் குடைந்து உள்ளே இறக்கும் பூட்டில், முதல் சந்தேகம் ஒரே ஒரு ஸ்க்ரூவின் மேல். கதவின் ஓரத்தில், பூட்டின் முகத்தகட்டில், சாவித்துளைக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். சிலிண்டரைப் பிடித்துவைப்பது அது. அது தளர்ந்தால் சிலிண்டர் முன்னும் பின்னும் நகர்ந்து, நாக்கைத் தள்ளும் கொக்கி எட்டாமல் போகும். இறுக்கிப் பாருங்கள்.

சரியாகவில்லையா? அந்த ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாக இப்படியும் அப்படியும் திருப்பியபடி சிலிண்டரை இழுங்கள். ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெறும் பூட்டுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நாக்கை நகர்த்துங்கள். நகர்ந்தால் பூட்டின் உடல் நன்றாக இருக்கிறது, புதுச் சிலிண்டர் போதும். நகரவில்லையென்றால் உடலைத்தான் மாற்ற வேண்டும். கடைக்கு வரும்போது கழற்றிய சிலிண்டரைக் கையோடு கொண்டுவாருங்கள். 60, 70 என்று மொத்த நீளத்தைச் சொன்னால் மட்டும் போதாது. ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனி அளவு வேண்டும். வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால் குறடு வைத்து ஒடிக்க வசதியாகிவிடும்.

நைட் லாட்ச்சில் சிலிண்டரின் பின்னால் ஒரு தட்டைக் கம்பி போய் உள்பெட்டியில் செருகியிருக்கும். சிலிண்டரே முழுதாகச் சுற்றினால் பின்தகட்டின் இரண்டு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அது சுற்றாமல் சாவி மட்டும் சுற்றினால் தட்டைக் கம்பி ஒடிந்திருக்கும், இல்லையென்றால் மாட்டும்போதே குட்டையாக நறுக்கியிருப்பார்கள்.

## அறிகுறி: சாவி உள்ளே உடைந்துவிட்டது

மிச்சச் சாவியைத் தூக்கி எறியாதீர்கள், டூப்ளிகேட் போட அது வேண்டும். துண்டு கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் மூக்கு நீண்ட குறடு. தெரியவில்லையென்றால் முதலில் சாவித்துளை நேராக, அதாவது சாவி நுழையும் நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதி திரும்பிய நிலையில் உடைந்திருந்தால் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் துளையைப் பழைய நிலைக்குத் திருப்பினால்தான் துண்டு வெளியே வரும். அப்புறம் மெல்லிய ரம்ப பிளேடுத் துண்டை, பல் வெளிப்பக்கம் பார்க்க, வெட்டுகளின் ஓரமாக நுழைத்துக் கொக்கிபோல் இழுங்கள்.

சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி இழுக்கும் யோசனையை வீடியோவில் பார்த்துவிட்டு முயல்பவர்கள் சிலிண்டரையே ஒட்டிவிடுகிறார்கள். பத்து நிமிடம் முயன்றும் வரவில்லையென்றால் பேருந்து நிலையம் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். அவரிடம் அதற்கென்று கம்பி இருக்கும். வீடு உங்களுடையதுதானா என்று அவர் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

## அறிகுறி: கைப்பிடி தொங்குகிறது

கைப்பிடியின் கழுத்துக்கு அடியில் ஒரு குட்டி ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், அதற்கு ஆலன் கீ (ஆறுமுனைக் கம்பிச் சாவி) வேண்டும். இறுக்குங்கள். இறுகியும் கைப்பிடி மேலே திரும்பவில்லையென்றால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. பூட்டுக்கு ஒன்றுமில்லை, கைப்பிடி ஜோடி மட்டும் வாங்கலாம். நடுவில் போகும் சதுரக் கம்பி பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். பழையதை அளந்துகொண்டு வாருங்கள்.

## அறிகுறி: ஸ்க்ரூ எங்கே போட்டாலும் பிடிக்கவில்லை

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நிலையை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்ற சத்தம் ஒரு இடத்தில் டொப் டொப் என்று மாறினால் கரையான். சுவரோரம் மண்கோடு தெரிகிறதா பாருங்கள். ஓர் ஊசியோ ஆணியோ அழுத்தமில்லாமல் உள்ளே போனால் உறுதி. இது பூட்டு வேலை இல்லை. கரையான் மருந்து அடிப்பவரை முதலில், ஆசாரியை அடுத்து. மருந்துக்கு முன்னால் நிலைக்காலில் ஒட்டுப்போட்டால் ஒட்டையும் தின்றுவிடும். அடிப்பகுதி மட்டும் போயிருந்தால் நிலைக்காலின் அந்தப் பகுதியை வெட்டி நல்ல மரத்தில் ஒட்டு வைக்கலாம். தகடு இருக்கும் உயரம்வரை ஏறியிருந்தால் நிலைக்காலை மாற்றியே ஆக வேண்டும்.

## அறிகுறி: இரட்டைக் கதவு, பூட்டியும் ஆடுகிறது

பூட்டு இருக்கும் கதவைப் பார்க்காதீர்கள், மற்ற கதவைப் பாருங்கள். அதன் மேலும் கீழும் உள்ள தாழ்ப்பாள் முழுதாக இறங்கியிருக்கிறதா? தரையில் உள்ள ஓட்டையில் கோலமாவும் மண்ணும் சேர்ந்து இறுகி, தாழ்ப்பாள் நகக்கண் அளவுதான் இறங்கியிருக்கும். தோண்டி எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை இறக்கிச் சிமெண்ட் வைத்துவிடுங்கள். அடுத்த முறை சுத்தம் செய்வது சுலபம். தாழ்ப்பாள் சரியில்லாத இரட்டைக் கதவில் எவ்வளவு விலை கொடுத்துப் பூட்டு போட்டாலும் தோளால் ஒரு தள்ளுக்குத்தான் தாங்கும்.

## அறிகுறி: துரு பிடித்து அசையவே இல்லை

மோட்டார் கொட்டகையில் தொங்கும் பூட்டுதான் இதில் முதலிடம். வளையம் வழியாக மழை இறங்கும். டீசலில் ஒரு ராத்திரி ஊறவிட்டுத் தட்டினால் பெரும்பாலும் திறக்கும். கதவிலேயே பூட்டியிருந்தால் ஸ்பிரேயை வளையத்தின் இரண்டு துளையிலும் அடித்து அரை மணி விட்டு, பூட்டை மரத்துண்டால் மெதுவாகத் தட்டியபடி சாவியைத் திருப்புங்கள். திறந்ததும் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் குடைபோல் மேலே மாட்டிவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய பூட்டு வேறு கதை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய பிறகு சேறு படிந்த பூட்டுகளில் நிறைய பேர் உடனே எண்ணெய் விட்டார்கள். உப்பும் மண்ணும் எண்ணெயோடு உள்ளேயே தங்கிவிட்டன. முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அதுவும் இரண்டு மூன்று முறை. கதவிலிருந்து கழற்றி அலசி, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் பூட்டுக்கேற்ற எண்ணெயோ கிராஃபைட்டோ.

தரங்கம்பாடி, பூம்புகார், நாகூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்புப் பூட்டு, இரும்புக் கீல் இரண்டையும் மறந்துவிடுங்கள். திடப் பித்தளை, இல்லையென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலை சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு என்றால் உப்புக் காற்றை இன்னும் தாங்கும் 316 ரகம் கேளுங்கள்.

## மாற்றியே தீரவேண்டும் என்றால்

கதவின் கனத்தை அளந்துகொண்டு வாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மார்ட்டைஸ் வேண்டாம். நடுவில் குடைந்தபின் இரண்டு பக்கமும் மிஞ்சும் மரம் ஓடாகிவிடும். மேலே வைத்துத் திருகும் நைட் லாட்ச் போடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறித்து வாருங்கள். சாய்வு நாக்கின் சரிவு, கதவு சாத்தும்போது நிலையை முதலில் தொடும் பக்கம் இருக்க வேண்டும்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். காந்தம் வைத்தால் இரும்பு மாட்டிக்கொள்ளும். ஆனால் பித்தளை முலாம் பூசிய ஜிங்க் மாட்டாது. அதைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சங்கிலி நாதாங்கி உள்ள பழைய வாசல் கதவுக்கு நான் இப்போதும் திண்டுக்கல் பூட்டைத்தான் எடுத்துக் கொடுப்பேன். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்கு. லிவர் பூட்டு, கையால் செய்வது. பழுதானால் பிரித்துச் சரிசெய்ய முடியும். சாவி தொலைந்தால் மட்டும் மிஷினில் வெட்ட முடியாது, ஆள் உட்கார்ந்து அரத்தால் ராவித்தான் எடுக்க வேண்டும். பர்மா தேக்கில் பூவேலை செய்த நிலையிலும் கதவிலும் மார்ட்டைஸ் குடையச் சொல்லி ஆசாரியைக் கட்டாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குடைந்த மரம் திரும்ப வராது.

பேனல் கதவில் மார்ட்டைஸ் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. நடுச்சட்டம் பக்கச்சட்டத்தில் சேரும் இடத்தில் உள்ளே கழுந்து, அதாவது ஒரு சட்டத்திலிருந்து நீண்டு மற்றதற்குள் செருகிய மரமுனை, இருக்கிறது. கைக்கு வசதியான உயரம் என்று சரியாக அங்கேயே குடைந்தால் கழுந்து அறுந்து, இரண்டு மழைக்குள் மூட்டு விட்டுவிடும். நாலு அங்குலம் மேலேயோ கீழேயோ போங்கள். ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொண்டு வரிசையாகத் துளை போட்டு, அப்புறம் உளியால் சமப்படுத்துவது எளிது. சாவித்துளையை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்கவிடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து போட்டால் மறுபக்கம் சிராய் பெயரும்.

பித்தளை ஸ்க்ரூ கடினமரத்தில் தலை அறுந்து போகும். 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை வெட்டியபின், பித்தளையில் சோப்புத் தடவி ஏற்றுங்கள். வேங்கைக் கதவில் இரும்பையே விட்டுவைத்தால் ஈரம் பட்டதும் சுற்றிலும் கறுப்பாகக் கறை இறங்கும்.

முழுப் பூட்டையும் நீங்களே மாட்டலாமா என்றால், நைட் லாட்ச் மாட்டலாம். பழைய பள்ளத்திலேயே அதே அளவு மார்ட்டைஸ் உட்காருமானால் அதையும் மாட்டலாம். புதிதாகக் குடைய வேண்டியது ஆசாரி வேலை.

## வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டு வந்து இறங்குகிற அன்றே கடைக்கு வருகிறவர்கள் அதிகம். பூட்டு ஓடாமல் இருந்தாலே இறுகும். ஊரில் இருக்கும் சித்தப்பாவிடமோ மச்சானிடமோ ஒரு சாவியைக் கொடுத்து மாதம் ஒருமுறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மட்டும் இரண்டு முறை. போகும்முன் எண்ணெய் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கிராஃபைட் மட்டும். குளவி வராமல் இருக்கச் சாவித்துளையில் டேப் ஒட்டுகிறார்கள். வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே அது சொல்லிவிடும். அதற்குப் பதில் துளைக்கு மேல் நகரும் மூடி உள்ள தகடு கிடைக்கிறது, இரண்டே ஸ்க்ரூவில் மாட்டிவிடலாம்.